தாசில்தார் வெளியூர் போயிருக்கிறார்

ஜனவரி 24

வண்டி கிளம்பிவிட்டது. பூனையும் கிளம்பிவிட்டது. இரண்டாவது விஷயம் என்னைத் தவிர இன்னும் யாருக்கும் தெரியாது.

இந்த டைரி என் கணவர் வேலை செய்யும் போர்வெல் கம்பெனி வருடா வருடம் கொடுப்பது. இதற்கு முந்தைய பதினேழும் பரணில் வெள்ளையாகவே கிடக்கின்றன. ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறவள் வீட்டில் எழுதாத புத்தகம் பதினேழு! இந்த வருடம் எழுதுவதற்குக் காரணம், இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கிளம்புவது கல்யாணத்துக்குச் சமம். பூசணிக்காய், சூடம், சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். முன்னால் துளை போடுகிற ரிக். பின்னால் கம்பிகள், டீசல் பீப்பாய், அரிசி மூட்டை, அடுப்பு எல்லாம் ஏற்றிய சாமான் லாரி. இரண்டும் வடக்கே போய் ஆறேழு மாதம் ஊர் ஊராகப் போர் போட்டுவிட்டுத் திரும்பும். ஒரு மாதமாக இரண்டும் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள காலி இடத்தில்தான் நின்றன. தாசில்தார் அந்த அரிசி மூட்டை மேல்தான் பகலெல்லாம் தூங்கியது. (தாசில்தார் எங்கள் பூனை. செம்பட்டை நிறம். வந்தால் எல்லோரும் எழுந்து இடம் விட வேண்டும், தானாக ஒரு வேலையும் செய்யாது. அதனால் அந்தப் பெயர்.)

பூஜைக்கு முன் அவர் சொன்னார்: "ஏம்புள்ள, பூனையப் புடிச்சு உள்ள போட்டுச் சாத்து. வண்டிக்குக் குறுக்க வந்து தொலைக்கப் போகுது."

கட்டிலடி, பீரோ மேல், குளியலறை எல்லாம் பார்த்தேன். காணோம். நல்ல நேரம் முடிய நான்கு நிமிடம்தான் இருந்தது. "உள்ள போட்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். வெறும் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கி வண்டி நகர்ந்த பிறகுதான், சாமான் லாரியின் அரிசி மூட்டைக்கு மேலே அந்த வாலைப் பார்த்தேன். பழம் நசுங்கிய பிறகு வண்டியைக் கூப்பிட்டு நிறுத்தக் கூடாது. மறந்துவிட்ட துண்டைக் கொடுக்க "ஏனுங்க" என்று ஒரு குரல் கொடுத்த கீழத்தெரு அம்மாளை, அந்த வருடம் வறண்டுபோன மூன்று போருக்கும் பொறுப்பாக்கி இன்னும் பேசுகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. முக்குத் திரும்பும்போது குதித்துவிடும் என்று நினைத்துக் கையாட்டினேன். தாசில்தார் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

பூனை குறுக்கே போனால் சகுனத்தடை. உள்ளே உட்கார்ந்து போனால் என்ன பலன் என்று எந்த ஜோசியரும் சொல்லிவைக்கவில்லை.

ஜனவரி 25

முக்கில் குதிக்கவில்லை. சேலம் பைபாஸ் வரைக்கும்கூட யோசித்துப் பார்த்துவிட்டேன். பாலை ஊற்றிவைத்து, ஆடை கட்டியதும் நானே காபி போட்டுக் குடித்தேன்.

ஜனவரி 26

காலையில் போன். கர்நூல் தாண்டிவிட்டார்களாம்.

"உள்ள போட்டாச்சுன்னு சொன்னியே, எதுக்குள்ள போட்ட?"

"வீட்டுக்குள்ளதானுங்க."

"அப்ப இங்க அரிசி மூட்ட மேல ஒக்காந்து கருவாட்டத் தின்னுட்டு இருக்கறது யாரு? உங்கொக்காளா?"

எனக்கு அக்கா கிடையாது. அதைச் சொல்லும் நேரமல்ல அது. ஊருக்குத் திரும்புகிற ஏதாவது வண்டியில் ஏற்றிவிடச் சொன்னேன். கேட்டுப் பார்த்தாராம். டிரைவர்கள் எவனும் கேபினில் பூனை ஏற்றச் சம்மதிக்கவில்லையாம். "அடுத்த ஊர்ல எறக்கி உட்டுட்டுப் போறன்" என்றார். "எறக்கி உட்டுட்டா நானும் எறங்கிப் போயிருவேன்" என்றேன். எங்கே இறங்கிப் போவேன்? ஈரோட்டுக்கு மேல் தனியாகப் பஸ் ஏறியதில்லை. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் "பாக்கலாம்" என்று போனை வைத்தார்.

ஜனவரி 31

பூனை பிழைத்தது. என் வீரத்தால் அல்ல. சத்தீஸ்கரில் ராய்ப்பூர் தாண்டி ஒரு கிராமத்தில் முதல் போர். இருநூறு அடியிலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்ததாம். சமையல்காரர் மாதேஸ்வரன், "பூனை ராசிங்கண்ணா" என்று சொல்லிவிட்டார். ராசி என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் போர்வெல் வண்டியில் அப்பீல் கிடையாது. தாசில்தாருக்கு இப்போது பொட்டு வைக்கிறார்களாம்.

போட்டோ அனுப்பினார். இருபது வருடக் கல்யாணத்தில் அவர் எனக்கு அனுப்பிய முதல் போட்டோ. பூனை தெளிவாக இருந்தது. ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது.

பிப்ரவரி 4

இதற்கு முன் அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவார். "நல்லாருக்கியா? பையன் ஹாஸ்டல்ல இருந்து காலேஜுக்கு ஒழுங்காப் போறானா? வெச்சரட்டுமா?" மூன்று கேள்வி. முதல் இரண்டுக்கும் "உம்", மூன்றாவதற்கு "சரிங்க". ஒன்றரை நிமிடம்.

இப்போது தினமும் ஏழரை மணிக்குப் போன் வருகிறது. தாசில்தார் என்ன சாப்பிட்டது, யாரைப் பிறாண்டியது, எங்கே படுத்தது. இது முழுக்க முழுக்கப் பூனை சம்பந்தப்பட்ட ஏற்பாடு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிப்ரவரி 9

ஏழரைக்கு வர வேண்டிய போன் ஏழு ஐம்பதுக்கு வந்தது. பூனை நலம்.

பிப்ரவரி 10

இருபது நிமிடத் தாமதத்தை டைரியில் எழுதிவைக்கிற அளவுக்கு வேலை இல்லாமல் போய்விட்டதா எனக்கு? இன்று நூலகத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் தினசரி படிக்க. ஆமாம், வேலை இல்லைதான்.

பிப்ரவரி 17

இன்று இருபத்தைந்து நிமிடம். பூனை எட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி எப்படிப் போனது என்று தெரியவில்லை.

பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். கம்ப்ரசர் சத்தத்துக்குப் பயந்து பூனை அவருடைய இடப்பக்கம் வந்து ஒண்டிக்கொண்டதாம். கத்தியிருக்கிறது. அவருக்குக் கேட்கவில்லை.

"எடது காது போயி ஏழெட்டு வருசமாச்சு புள்ள. அந்தச் சத்தத்துல நின்னா யாருக்குத்தான் போகாது?"

"எங்கிட்டச் சொல்லவே இல்லையேங்க."

"சொல்லி?"

எங்கள் வீட்டுக் கட்டிலில் நான் அவருக்கு இடப்பக்கம்தான் படுப்பேன். ஏழெட்டு வருடமாக அந்தக் காதில்தான் என் குறை, புலம்பல், மாமியார் விவகாரம், பையன் படிப்பு எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறேன். பதில் வராததற்குக் கல் நெஞ்சம், திமிர், அவர்கள் வீட்டு ரத்தம் என்று வரிசையாகக் காரணம் கண்டுபிடித்திருக்கிறேன். இடம் மாறிப் படுத்துப் பார்க்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. பூனைக்கு மூன்று வாரத்தில் தெரிந்தது.

பிப்ரவரி 22

போன் வருவதற்கு முன் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டேன். வீடியோ கால் இல்லை, வெறும் குரல்தான். பழக்கதோஷம் என்று எழுதலாமென்றால் அப்படி ஒரு பழக்கமும் எனக்குக் கிடையாது.

மார்ச் 2

நான்கு நாளாகப் போட்டோ இல்லை. கேட்டால், "கேமராவுல தூசி போயிருச்சு" என்கிறார். ஆனால் பூனை அமோகமாக இருக்கிறதாம். நேற்று ஒரு பெருச்சாளியைப் பிடித்ததாம்.

தாசில்தாரா, பெருச்சாளியா? எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் கட்டிலில் ஏறிக்கொண்டு என்னைக் கூப்பிடும். வெளிமாநிலம் போனால் உழைப்பு வந்துவிடும்போல.

மார்ச் 8

மாதேஸ்வரன் மனைவி பூங்கொடி நூலகத்துக்கு வந்தாள். அவள் புத்தகம் எடுக்க வருபவள் அல்ல. வந்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பூன போனதுக்கு ரொம்ப மனசு ஒடஞ்சு போயிட்டீங்களா?"

"வடக்க போனதுக்கா? அது போயி ஒண்ணரை மாசமாச்சே."

"அது இல்லீங்க்கா. தொலஞ்சு போச்சே, அதக் கேக்கறன். வண்டி வேற ஊருக்கு மாத்துறப்ப ஏறாம அங்கயே எறங்கிக்கிச்சாமா. பத்து நாளாச்சு. அண்ணன் ரெண்டு தடவ பைக்க எடுத்துக்கிட்டுத் தேடிப் போனாராமா. அண்ணன் உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"சொன்னாரு, சொன்னாரு" என்றேன். பொய் சொல்வதில் இந்த வருடம் எனக்கு நல்ல முன்னேற்றம்.

அவள் போன பிறகு கணக்குப் பார்த்தேன். பத்து நாள். அந்தப் பெருச்சாளி, போன வியாழக்கிழமை குடித்த பால், நேற்று மழைக்குப் பயந்து அவர் போர்வைக்குள் வந்து படுத்தது, எல்லாம் பூனை இல்லாமலே நடந்திருக்கிறது.

தாசில்தாரை நினைத்து அழுதேன். அலமாரிக்குப் பின்னால் போய், யாரும் வராத கவிதைப் பக்கம் நின்று அழுதேன். பிறகு கோபம் வந்தது. இன்று ஏழரைக்குப் போன் வரட்டும், கிழித்துவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று நூலகத் தாளில் குறித்துக்கூட வைத்தேன்.

ஏழரைக்கு வந்தது.

"தூங்குது" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி. பாவம், லாரிக்கு அடியில போயி நீட்டிப் படுத்துக்கிச்சு."

கையில் தாள் இருந்தது. நான் கேட்டது: "சாப்புட்டுச்சுங்களா?"

மார்ச் 9

ஏன் கேட்கவில்லை என்று எனக்கு நானே விசாரணை வைத்தேன். பொய் சொல்கிற மனிதரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்ற பெருந்தன்மை என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். உண்மை இதுதான். பூனை இல்லை என்று ஆகிவிட்டால், ஏழரை மணிக்கு அவருக்கு என்னிடம் பேச ஒன்றுமில்லை. மறுபடி ஞாயிற்றுக்கிழமை, மூன்று கேள்வி, ஒன்றரை நிமிடம். அது எனக்கு வேண்டாம். எனக்கு இந்தப் போன் வேண்டும்.

நாற்பத்தைந்து வயதில், இல்லாத பூனையின் சாப்பாட்டை விசாரித்துப் புருஷனைப் பேசவைக்கிறேன். போகட்டும்.

மார்ச் 21

"அதுக்கு ஊர் நெனப்பு வந்துருச்சாட்டம் இருக்குது" என்றார்.

"எப்படிங்க தெரியும்?"

"சோறு எறங்க மாட்டீங்குது. பொழுது சாஞ்சா தெக்கால பாத்துக்கிட்டு ஒக்காந்துக்குது. மாதேஸ்வரன் கொழம்பு அதுக்குப் புடிக்கறதில்ல. பச்சப்பயறு கடஞ்சு சாப்புடணும்னு இருக்குதாட்டம்."

பச்சைப்பயறு கடைசல் கேட்கிற பூனை!

"அதுகிட்டச் சொல்லுங்க, இங்கயும் ஒரு ஆளுக்குச் சோறு எறங்கலையாமான்னு."

"யாருக்கு?"

"பக்கத்து ஊட்டுப் பூனைக்கு."

பக்கத்து வீட்டில் நாய்தான் இருக்கிறது. அவர் போனை வைக்கவில்லை.

ஏப்ரல் 13

தினமும் பேச்சு. பூனைக்கு முதுகு வலி. பூனைக்குப் பழைய மேனேஜர் மேல் கோபம். பையன் வேலைக்குப் போய்விட்டால் இந்த அலைச்சலை விட்டுவிடலாமா என்று பூனைக்கு ஒரு யோசனை. நானும் பக்கத்து வீட்டுப் பூனையை விட்டுவைக்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாளாக மூட்டு பிடித்துக்கொள்கிறது, தனியாகத் தூங்கப் பயமாக இருக்கிறது, பயம் என்று யாரிடமும் சொல்வதில்லை.

மே 11

வைகாசித் தேருக்கு வருடம் தவறாமல் லீவு போட்டு வருவார். இந்த வருடம் வர முடியாதாம்.

"வேல நெருக்கடி."

"தேருக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குதுங்களே."

"இருந்தா? போட வேண்டிய போர் கெடக்குதில்ல."

வேலையுமில்லை, நெருக்கடியுமில்லை. அவர்கள் எட்டு நாளாகச் சும்மா உட்கார்ந்திருப்பதாகப் பூங்கொடி சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. வந்தால் பூனை எங்கே என்று கேட்பேன். அதற்குப் பயந்துகொண்டு ஊருக்கே வராமல் இருக்கிறார், ஆயிரம் அடி பாறையைத் துளைக்கிற மனிதர்.

இது நான் செய்த வேலை. மார்ச் எட்டாம் தேதி தாளில் இருந்ததைக் கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். போன் மேல் ஆசைப்பட்டு ஆளைத் தொலைக்கப் பார்க்கிறேன். தெரியும் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இரண்டரை மாதமாக அவர் பூனையை வைத்துச் சொன்னதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் பொய்யாகிவிடும். அப்புறம் கூச்சத்திலேயே வாயைத் திறக்க மாட்டார்.

மே 15

நான்கு நாள் ஒத்திகை பார்த்தேன். நூலகத்தில் நாற்காலிகளிடம் பேசிப் பார்த்தேன். இன்று சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? தேருக்கு வரும்போது பூனையக் கொண்டாராதீங்க."

அவர் வாயைத் திறக்கும் முன் மேலே சொன்னேன்.

"ஒண்ணரை நாள் ரயிலு. இந்த வெயில்ல அது செத்துப்போயிரும். பழகுன எடத்துலயே இருக்கட்டும். நீங்க மட்டும் வாங்க."

"உனக்கு வருத்தம் இல்லையா புள்ள?" என்றார்.

"இருக்குதுங்க. ஆனா நீங்க வரலீன்னா அத விட வருத்தமா இருக்கும்."

இந்த வாக்கியம் ஒத்திகையில் இல்லை. சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகிப் போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 5

வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். பச்சைப்பயறு கடைந்து வைத்திருந்தேன். மூன்று தடவை சோறு வாங்கினார். பூனைக்குப் பிடித்தது என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

கட்டிலில் வலப்பக்கம் மாறிப் படுத்தேன். "என்ன, எடம் மாறிட்ட?" என்றார். காற்று வருகிறது என்றேன்.

ஜூன் 9

தேர் இழுத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தார். வடம் இழுத்த கை சிவந்திருந்தது. நான் தண்ணீர் ஊற்றினேன். குனிந்தபடியே சொன்னார்.

"அது அங்க இல்ல புள்ள."

நான் செம்பைப் பிடித்தபடி நின்றேன்.

"பிப்ரவரியிலயே போயிருச்சு. ரெண்டாவது வாட்டி தேடிப் போனப்பக் கண்டுபுடிச்சுட்டன். நாம போர் போட்டுக் குடுத்த ஊடுதான். அடுப்புக்குப் பக்கத்துல படுத்திருந்துச்சு. அந்த ஊட்டம்மா மீன் தலை போட்டுட்டு இருந்துச்சு. 'தாசில்தாரு'ன்னு கூப்புட்டன். தலையத் தூக்கி நல்லாப் பாத்துச்சு. பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு."

"தூக்கிட்டு வந்திருக்கலாமேங்க."

"வர மாட்டேன்னு இருக்கறத எப்படித் தூக்கறது?" கையை உதறிவிட்டு, "கண்டுபுடிச்ச அன்னிக்கே உங்கிட்டச் சொல்லத்தான் போன் பண்ணினன். நீ எடுத்த ஒடனே, 'சாப்புட்டுச்சா'ன்னு கேட்ட. வாய் வரல" என்றார்.

"எனக்குத் தெரியுமுங்க. பூங்கொடி மார்ச்சுலயே சொல்லிட்டா."

நிமிர்ந்து பார்த்தார். "அப்பறம் எதுக்குத் தெனமும் கேட்ட?"

"நீங்க எதுக்குத் தெனமும் சொன்னீங்க?"

முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. செம்புத் தண்ணீர் முழுவதும் என் புடவையில் கொட்டியது. தேர் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்தபோது அவர் கண் நனைந்திருந்தது. என் கண்ணைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஜூன் 15

ஈரோட்டில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். தனியாகத் திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு.

ஜூன் 17

இன்று சேர்ந்திருப்பார். ஏழரைக்குப் போன் வராது என்று எனக்குத் தெரியும். இனி எதைச் சொல்லப் போன் வரும்? உண்மை பேசித் தெளிந்துவிட்டோம், கைவசம் பூனையும் இல்லை. அதனால் நான் காத்திருக்கவில்லை. மிக்ஸியைக் கழுவினேன். ஏழு இருபத்தெட்டுக்குக் கழுவிய மிக்ஸியை மறுபடி கழுவினேன். ஏழரை ஆனது. ஏழே முக்கால் ஆனது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் என்று நினைத்துக்கொண்டு விளக்கை அணைக்கப் போனேன்.

போன் அடித்தது.

காரணமில்லாமல் அந்த மனிதர் கூப்பிட்டதே இல்லை. "என்னாச்சுங்க? யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"பின்ன எதுக்குங்க கூப்புட்டீங்க?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பின்னால் மாதேஸ்வரன் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது.

"சும்மாதான்" என்றார்.

மனம் பதறிப்போய்க் கையில் கிடைத்ததைச் சொன்னேன். "சந்தையில வெண்டக்கா வாங்குனேனுங்க."

"பிஞ்சா?" என்றார்.

வெண்டைக்காயைப் பற்றிப் பதினான்கு நிமிடம் பேசினோம்.